பம்பை நிறுத்துவது யார்?

அம்பாசடரின் பெட்ரோல் பம்ப் இன்ஜினின் பக்கவாட்டில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். உள்ளே கேம் தண்டு சுழலும்போது அதன் மேடு ஒரு கரத்தைத் தள்ளும். கரம் ஒரு சவ்வை இழுக்கும். சவ்வு டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கார்புரேட்டருக்கு அனுப்பும். இன்ஜின் நின்ற கணமே பம்பும் நின்றுவிடும். விபத்து நடந்துவிட்டது, நிறுத்து என்று அதற்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பு அங்கே கேட்காமலே கிடைத்த உபரி.

மின்சார பம்ப் வந்ததும் அந்த உபரி கைவிட்டுப் போயிற்று. பெட்ரோலை நுண்துளை வழியே பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறைக்குக் கார்புரேட்டருக்குப் போதுமான 0.2, 0.3 பார் அழுத்தம் எந்த மூலைக்கும் காணாது. 3 பார் அளவுக்கு வேண்டும். அதைத் தரும் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதை ஓட்டுவது பேட்டரி. இன்ஜின் ஓடுகிறதா, கார் தலைகீழாகக் கிடக்கிறதா, பெட்ரோல் போகும் குழாய் இரண்டாக வெட்டுப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் பம்புக்குத் தெரியாது. 12 வோல்ட் வரும்வரை அது தள்ளிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு தள்ளும்? சாதாரணக் காரின் பம்ப் மணிக்கு 120 லிட்டர் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2 லிட்டர், விநாடிக்கு 33 மில்லிலிட்டர். ஓடும் இன்ஜின் இதில் ஒரு பங்கை மட்டும் குடித்துவிட்டு மீதியை டேங்குக்கே திருப்பி அனுப்புவது பல கார்களில் வழக்கம். குழாய் அறுந்தால் மொத்தமும் தரையில், அல்லது சூடான சைலன்சர் குழாயின் மேல். அமெரிக்காவின் மோட்டார் வாகனப் பாதுகாப்புத் தரம் 301, மோதல் சோதனைக்குப் பிறகு எவ்வளவு எரிபொருள் கசியலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது: மோதியதிலிருந்து கார் அசைவற்று நிற்கும்வரை 28 கிராம், அடுத்த ஐந்து நிமிடங்களில் மொத்தம் 142 கிராம், அதற்கடுத்த இருபத்தைந்து நிமிடங்களில் எந்த ஒரு நிமிடத்திலும் 28 கிராமுக்கு மேல் போகக்கூடாது. 142 கிராம் பெட்ரோல் என்பது ஏறக்குறைய 190 மில்லிலிட்டர். ஐந்து நிமிடத்துக்கு அனுமதித்த அளவை, நிறுத்த ஆளில்லாத பம்ப் ஆறு விநாடிக்குள் கொட்டித் தீர்த்துவிடும்.

பெட்ரோல் தீப்பற்ற வெயில் நாள் வேண்டும் என்பதுகூட இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது பாகை செல்சியஸிலும் அதிலிருந்து தீப்பிடிக்கக்கூடிய ஆவி எழும். காற்றில் அந்த ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். மோதிய காரில் பொறிக்குப் பஞ்சமா என்ன? நசுங்கிய ஒயர்கள், உடைந்த ஹெட்லைட், தரையில் உரசும் இரும்பு.

ஆகவே பம்பை நிறுத்த ஒரு வழி வேண்டும். முதலில் தோன்றிய வழி பழைய பம்பின் குணத்தையே மின்சாரத்தில் நகலெடுப்பது: இன்ஜின் ஓடினால் பம்ப் ஓடட்டும், இல்லாவிட்டால் நிற்கட்டும். ஆயில் அழுத்தம் வந்தால் மட்டும் மூடிக்கொள்ளும் ஒரு சுவிட்சை பம்பின் மின்பாதையில் வைத்தார்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அழுத்தம் இருக்காது. அதற்கென்று ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு மாற்றுப் பாதை. 1970களில் வந்த பாஷ் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷனில் இன்ஜின் இழுக்கும் காற்று ஒரு தகட்டைத் தள்ளித் திறக்கும்; தகடு திறந்தால்தான் பம்புக்கு மின்சாரம். இன்றைய கார்களில் இதே வேலையை இன்ஜின் கணினி பார்க்கிறது. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து விர்ரென்று ஒரு சத்தம் கேட்டு ஓரிரு விநாடியில் அடங்குவதைக் கவனித்திருக்கலாம். குழாயில் அழுத்தம் ஏற்ற கணினி கொடுக்கும் அனுமதி அவ்வளவுதான். அதற்குள் கிராங்க் தண்டு சுழலும் செய்தி வராவிட்டால் பம்ப் நிறுத்தப்படும்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. மலிவும்கூட. அதில் ஓட்டை ஒன்றுதான், ஆனால் பெரியது. மோதினால் இன்ஜின் நின்றுவிடும் என்று அது நம்புகிறது. பின்னாலிருந்து லாரி இடித்தால் முன்னால் இருக்கும் இன்ஜினுக்கு என்ன வந்தது? அது பாட்டுக்கு ஓடும். இன்ஜின் பின்னால் இருக்கும் கார் முன்புறம் மோதினாலும் அப்படித்தான். பெட்ரோல் குழாயில் சின்ன விரிசல் விழுந்து பக்கவாட்டில் பீய்ச்சினாலும் இன்ஜினுக்குத் தேவையான அழுத்தம் மிச்சமிருக்கும். இன்ஜின் ஓடும், கணினியும் எல்லாம் சரி என்றே நினைக்கும். இன்ஜின் நின்றதா என்ற கேள்வியும் கார் மோதியதா என்ற கேள்வியும் வேறுவேறு. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் பிறந்ததுதான் இனர்ஷியா சுவிட்ச்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் கூடு. உள்ளே கூம்பு வடிவக் குழி. குழியின் அடியில் ஒரு காந்தம், அதன் மேல் ஒரு எஃகுப் பந்து. தலைக்கு மேலே ஒரு தகடு. கார் திடீரென்று நிற்கும்போது பந்து, தான் போய்க்கொண்டிருந்த வேகத்திலேயே போகப் பார்க்கும். பள்ளிப் பாடத்தில் படித்த நிலைமம் இது. கார் நிற்கிற வேகம் ஓர் அளவைத் தாண்டினால் பந்து காந்தத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு சரிவில் ஏறித் தகட்டை முட்டும். தகடு விலக, மின்தொடர்பு அறுந்து, மேலே ஒரு பொத்தான் துருத்திக்கொண்டு எழும். பந்து மறுபடி குழிக்குள் விழுந்தாலும் தொடர்பு திரும்பாது. யாராவது பொத்தானை அமுக்க வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது காந்தம்தான். பந்தைப் பிடித்துவைக்க ஒரு ஸ்பிரிங் போதாதா என்று கேட்கலாம். ஸ்பிரிங்கை இழுக்க இழுக்க அதன் எதிர்ப்பு கூடும். ஆகவே ஸ்பிரிங்கில் கட்டிய எடை மோதலில் பாதி தூரம் போய், தொட்டதும் தொடாததுமாகத் தடுமாறும். காந்தத்தின் போக்கு நேர் எதிர். பீரோ கதவில் ஒட்டிய காந்தத்தைப் பிடுங்கும்போது கடைசிவரை பிடிவாதமாக இருந்து, பிறகு மொத்தமாகக் கையோடு வருமே, அதைப் போல. ஒரு மில்லிமீட்டர் விலகினாலே ஈர்ப்பு சடசடவென்று குறைந்துவிடும். பிடி விட்ட பந்தைத் தடுக்கப் பின்னால் எதுவும் இல்லை. பாதி முடிவு என்பது இந்தச் சுவிட்சுக்குக் கிடையாது. கணினியோ சில்லோ இல்லாத பொருளுக்கு இவ்வளவு தெளிவான புத்தி இருப்பது அபூர்வம்.

காந்தம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குழியின் சரிவு 45 பாகை என்று கொண்டால், புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கமே, அதாவது 1 ஜி-யே, பந்தைச் சரிவில் ஏற்றிவிடும். நல்ல டயர் உள்ள கார் உலர்ந்த சாலையில் அழுத்தி பிரேக் பிடித்தாலே 1 ஜி-யை நெருங்கும். ஆக ஒவ்வொரு அவசர பிரேக்குக்கும் வண்டி நின்றுபோகும். காந்தம் பந்தின் எடையைப் போல் ஒன்பது மடங்கு விசையோடு கீழே இழுத்தால் பந்தின் மொத்தப் பிடி பத்து மடங்காகிறது. வாசல் 10 ஜி-க்கு உயர்கிறது. சாலைக் கார்களின் சுவிட்சுகள் பெரும்பாலும் இதற்கு முன்பின்னான அளவுகளில்தான் அமைகின்றன. கூம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சரிவதால் இடி எந்தத் திசையிலிருந்து வந்தாலும் பதில் ஒன்றே.

இனி மோதலின் பக்கம். மணிக்கு 50 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 13.9 மீட்டரில் போகும் கார் சுவரில் மோதுகிறது. முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்குகிறது. அந்த தூரத்துக்குள் நிற்க வேண்டுமென்றால் சராசரி முடுக்கம் 16 ஜி. எடுத்துக்கொள்ளும் நேரம் 86 மில்லிவிநாடி. இந்த 16 ஜி-யில் வாசலைக் கடந்த பந்து ஒரு சென்டிமீட்டர் ஏற 20 மில்லிவிநாடிகூடப் பிடிக்காது. கார் இன்னும் நசுங்கிக்கொண்டிருக்கும்போதே பம்புக்கு மின்சாரம் போய்விடுகிறது.

சரி, குழியில் சக்கரம் இறங்கினால்? அந்த இடியும் காரின் உடம்பில் 20 ஜி வரை ஏறக்கூடும். எண்ணை மட்டும் பார்த்தால் அது மோதலைவிடக் கடுமை. ஆனால் அது நீடிப்பது மூன்று மில்லிவிநாடி. மூன்று மில்லிவிநாடியில் 20 ஜி ஏற்படுத்தும் வேக மாற்றம் விநாடிக்கு 0.6 மீட்டர், மணிக்கு 2 கிலோமீட்டர்தான். மோதலில் அது மணிக்கு 50. பந்தின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது; ஆகவே இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஐந்நூறு மடங்குக்கு மேல். பந்து காந்தத்தை விட்டு விலகி, சரிவில் ஏறி, தகட்டை எட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை இதற்காகத்தான். குட்டையான இடியில் பந்து சற்றே அசைந்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். ஆக இந்தச் சுவிட்ச் அளப்பது இடியின் உச்சத்தை அல்ல, உச்சமும் நேரமும் சேர்ந்த மொத்தத்தை. இதே காரணத்தால் விற்பவர் சொல்லும் ஒற்றை ஜி எண்ணை அப்படியே நம்பி வாங்குவது சரியில்லை. எத்தனை மில்லிவிநாடி நீளும் இடிக்கு அந்த எண் என்று கேட்க வேண்டும். நீண்ட இடிக்குக் குறைந்த ஜி போதும், குட்டை இடிக்கு அதிக ஜி வேண்டும்.

ஃபோர்டு நிறுவனம் 1980களிலிருந்து அமெரிக்காவில் தன் கார்களில் இதைப் பரவலாகப் பொருத்தியது. பல கார்களில் டிக்கிக்குள் ஓரத்து அட்டைக்குப் பின்னால் இருக்கும். பிக்கப் வண்டிகளில் முன்சீட்டுப் பயணியின் கால் பக்கம். ஜாகுவார், லேண்ட் ரோவர், ஃபியட் ஆகியவையும் பயன்படுத்தின. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஐகானிலும், இந்தியச் சாலைகளில் ஓடிய ஃபியட் பாலியோவிலும் இது இருந்தது. ஆனால் அந்தக் கார்களை ஓட்டிய எத்தனை பேருக்கு இது இருந்தது தெரியும் என்பது வேறு விஷயம். பார்க்கிங்கில் ஒருவர் பின்னால் வந்து கொஞ்சம் பலமாக இடித்துவிட்டுப் போவார். காரில் கீறல்தான் இருக்கும். அடுத்த நாள் காலை ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. மெக்கானிக் வருவார், பம்பில் சத்தமில்லை என்பார், டேங்கை இறக்குவார், புது பம்பு மாட்டுவார், அதுவும் ஓடாது. டிக்கி மூலையில் ஒரு பொத்தான் அரை சென்டிமீட்டர் மேலே எழும்பி நிற்கும். ஸ்டார்ட்டர் சுற்றி இன்ஜின் பிடிக்காத ஃபோர்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. கையேட்டில் எழுதியிருக்கிறது, கையேட்டை யார் படிக்கிறார்கள்?

இப்போது பொருத்தும் வேலைக்கு வருவோம். இதை வெளியில் வாங்கி மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள், பந்தயக் கார் கட்டுகிறவர்கள். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற ஒரு காரில் சவ்வு கிழிந்த பழைய பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, டிக்கியில் ஒரு மின்சார பம்பை மாட்டி, சாவியிலிருந்து நேரே ஒரு ஒயர் இழுத்துவிடுவது சுலபம். கார் நன்றாக ஓடும். பழைய பம்ப் இலவசமாகக் கொடுத்துவந்த அந்தப் பாதுகாப்பு போனது மட்டும் யார் கண்ணிலும் படாது. அப்படி மாற்றுகிறவர் முதலில் வாங்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான், குரோமியம் பூசிய ஏர் கிளீனரை அல்ல.

சுவிட்ச் செங்குத்தாக நிற்க வேண்டும். இது ஏதோ சம்பிரதாயம் என்று எண்ணிச் சாய்த்து மாட்டுகிறவர்கள் உண்டு. சாலையின் இடிகளில் பெரும்பங்கு மேலும் கீழுமாக வருவது. செங்குத்தாக நிற்கும் சுவிட்சில் கீழிருந்து வரும் இடி பந்தைக் குழிக்குள்ளேயே அழுத்தும். 15 பாகை சாய்த்துவிட்டால் 20 ஜி இடியில் 5 ஜி பக்கவாட்டுப் பங்காக மாறிப் பந்தை உருட்டப் பார்க்கும். குழிகள் நிறைந்த சாலையில் வண்டி காரணமில்லாமல் நிற்கத் தொடங்கும். அடுத்து, எதன் மேல் மாட்டுவது? காரின் கெட்டியான சட்டத்தோடு சேர்ந்த பகுதியில். மெல்லிய தகட்டில் மாட்டினால் தகடு அதிர்ந்து இல்லாத இடியை உண்டாக்கும், அல்லது வளைந்து கொடுத்து உண்மையான இடியை விழுங்கிவிடும். பானட்டின் முன்னோரத்தில், நசுங்குவதற்கென்றே விட்ட பகுதியில், கூடாது. பந்து தீர்மானிப்பதற்கு முன்பே சுவிட்ச் நொறுங்கிப் போகலாம். சஸ்பென்ஷன் ஸ்பிரிங் வந்து முட்டும் இடத்துக்கு அருகில் கூடாது. கதவு அறைபடும் தூணிலும் கூடாது. ஓட்டுநரும் பயணியும் உட்காரும் அறைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள தடுப்புச் சுவர் பலரின் தேர்வு.

ஒயரிங்கில்தான் ஆளைக் கொல்லும் தவறு நடக்கிறது. காரின் உடம்பு முழுவதும் எர்த். சுவிட்சைப் பம்பின் எர்த் ஒயரில் வைத்தாலும் சோதனையில் சரியாக வேலை செய்யும்: பொத்தான் எழும், பம்ப் நிற்கும், மாட்டியவர் திருப்தியாகப் போய்விடுவார். விபத்தில் என்ன நடக்கும்? பம்புக்கும் சுவிட்சுக்கும் இடையே ஓடும் ஒயர் நசுங்கி, தோல் கிழிந்து, காரின் உடம்பைத் தொடும். அதுவே எர்த். சுவிட்ச் திறந்தே இருந்தாலும் சுற்று முழுமையாகிவிட, பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். பாசிட்டிவ் பக்கத்தில் வைத்தால், சுவிட்ச் திறந்தபின் அதே நசுங்கிய ஒயருக்கு மின்சாரமே வராது, பம்பும் நிற்கும். ஒரே சுவிட்ச், ஒரே பம்ப், இடம் மாறினால் விளைவு தலைகீழ்.

பம்பின் முழு மின்னோட்டத்தையும் இந்தச் சுவிட்ச் வழியே விடலாமா? சிறிய பம்ப் 5, 6 ஆம்பியர் இழுக்கும். பந்தயக் காரின் பெரிய பம்ப் அதற்கு இரண்டு மூன்று மடங்கு கேட்கலாம். சுவிட்சின் தாங்கு திறனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலே ஒன்றைச் சேர்த்து, அதன் சுருளுக்குப் போகும் ஒயரில் வைத்தால் கால் ஆம்பியருக்கும் குறைவுதான் ஓடும், தொடர்புமுனை தேயாது. ஆனால் ரிலேயின் தொடர்பு உருகி ஒட்டிக்கொண்டால் சுருளை நிறுத்தியும் பயனில்லை. என்னைக் கேட்டால், சிறிய பம்புக்கு நேரடிப் பாதை, பெரியதற்கு ரிலே என்பேன். இரண்டிலும் அடிப்படை ஒன்று: இயல்பு நிலையில் தொடர்பு மூடியிருக்க வேண்டும், மோதினால் திறக்க வேண்டும். அப்போது ஒயர் கழன்றாலும் முனை துருப்பிடித்தாலும் பம்ப் நிற்கும் பக்கமே விழும். இந்தச் சுவிட்சுகளில் பலவற்றுக்கு மூன்றாவது முனை ஒன்று உண்டு; மோதினால் அதில் மின்சாரம் வரும். சில கார் தயாரிப்பாளர்கள் கதவுப் பூட்டுகளைத் திறந்துவிட இதைப் பயன்படுத்தினார்கள். வீட்டில் மாட்டுகிறவர் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கை இதோடு இணைத்தால் போதும், மேலே சொன்ன மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

மாட்டிய பிறகு சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். பிராக்கெட்டிலிருந்து கழற்றி, உள்ளங்கையில் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் பொத்தான் எழ வேண்டும். எழுந்ததும் மீட்டரில் தொடர்பு அறுந்திருக்க வேண்டும்.

பந்தயத் தடத்துக்குப் போனால் கதை மாறுகிறது. சாலையில் 10 ஜி நீடித்தால் விபத்து, சந்தேகமில்லை. பந்தயத்தில் வளைவின் உள்ளோரத்துக் கட்டைக்கல்லில் ஏறி இறங்குவது ஒவ்வொரு சுற்றிலும் நடப்பது. பக்கத்துக் காரோடு உரசுவது சகஜம். ராலி கார் மேட்டில் பறந்து தரையில் விழும். தரை தட்டும் அந்த இடி குட்டையானதும் இல்லை. சாலைக் காருக்கான சுவிட்ச் இங்கே தப்பான நேரத்தில் முடிவெடுக்கக்கூடும். அதன் விலை வெறும் தோல்வி அல்ல. முழு வேகத்தில் போகும் கூட்டத்தின் நடுவே ஒரு கார் திடீரென்று சக்தி இழந்தால் பின்னால் வருகிறவர் கதி என்ன? பெட்ரோல் தீயைத் தடுக்க வைத்த பொருளே ஒரு மோதலுக்குக் காரணமாகலாம். இதனால் பந்தயக்காரர்களில் சிலர் சுவிட்சையே பிடுங்கிவிடுகிறார்கள். அதிக ஜி-க்கு அமைத்த சுவிட்சைத் தேர்ந்தெடுத்து, பெல்ட் கட்டிய நிலையிலேயே கை எட்டும் இடத்தில் மாட்டுவது அதைவிட அறிவுள்ள வழி.

உலக மோட்டார் பந்தயங்களை நடத்தும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் கார் விதிகள் வேறொரு பாதையை முதன்மையாகப் பிடித்திருக்கின்றன. ஸ்டார்ட் செய்யும் நேரம் தவிர, இன்ஜின் ஓடும்போது மட்டுமே பம்ப் ஓடலாம் என்பது ஒன்று. பேட்டரி, ஆல்டர்னேட்டர், விளக்கு, இக்னிஷன் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் துண்டித்து இன்ஜினையும் நிறுத்தும் பொதுச் சுவிட்ச் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. அதை உள்ளிருந்து ஓட்டுநரும் வெளியிலிருந்து தடப் பணியாளரும் இயக்க முடிய வேண்டும். கண்ணாடிக்குக் கீழே, வெள்ளை ஓரமிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் குறி, அடிப்பக்கம் குறைந்தது 12 சென்டிமீட்டர்: அதுதான் அடையாளம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் வரிசையாக நிற்கும் கார்களிலும் இதைப் பார்க்கலாம். பேட்டரியை மட்டும் துண்டித்தால் வேலை முடியாது என்பது இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம். ஓடும் இன்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுற்றும். ஆல்டர்னேட்டர் இக்னிஷனையும் பம்பையும் ஓட்டும். பேட்டரி இல்லாமலே வண்டி தொடர்ந்து ஓடும். ஆகவே பந்தயச் சுவிட்சில் கூடுதல் முனைகள் இருக்கும்: ஒரு ஜோடி இக்னிஷனைத் தனியே அறுக்க, இன்னொன்று ஆல்டர்னேட்டரின் மிச்ச மின்சாரத்தை ஒரு மின்தடை வழியே எர்த்துக்கு அனுப்ப.

பந்தயத்தில் முடிவெடுப்பது மனிதக் கை. மயங்கிய ஓட்டுநரின் கை அதைச் செய்யாது; பணியாளர் ஓடி வர நேரமாகும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அங்கேயும் இனர்ஷியா சுவிட்ச் வேண்டும் என்கிறேன்: முதல் காவலாக அல்ல, மூன்றாவதாக.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பம்பை நிறுத்தினால் குழாயில் இருக்கும் அழுத்தம் உடனே பூஜ்யமாகாது. பம்பின் ஒருவழி வால்வு அதைப் பிடித்துவைக்கும். பெட்ரோல் அமுங்காத திரவம் என்பதால் குழாய் அறுந்ததும் சில மில்லிலிட்டர் பீய்ச்சி அழுத்தம் இறங்கிவிடும். பிறகு குழாயில் உள்ளது வடியும்: உள்விட்டம் 6 மில்லிமீட்டர், நீளம் 4 மீட்டர் என்றால் 110 மில்லிலிட்டர் சொச்சம். இது பொறுக்கத்தக்க அளவு. ஆனால் டேங்கே கிழிந்தால் எந்தச் சுவிட்சும் எதுவும் செய்ய முடியாது. 1978இல் ஃபோர்டு சுமார் 15 லட்சம் பின்டோ, பாப்கேட் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் டேங்க் பின்னச்சுக்கும் பம்பருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து இடித்தால் நசுங்கிக் கிழியும். அங்கே பம்ப் நின்றால் என்ன, ஓடினால் என்ன. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமான் குரோஷானின் ஃபார்முலா 1 கார் 67 ஜி உச்சத்தோடு தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. 27 விநாடி தீக்குள் இருந்துவிட்டுத் தானாகவே வெளியே வந்தார். எஃப்.ஐ.ஏ. விசாரணை சுட்டிக்காட்டிய கசிவு வழிகள் இரண்டு: டேங்கின் சோதனை மூடி பெயர்ந்தது, இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் இணைப்பு பாதுகாப்புப் பையிலிருந்து பிய்ந்தது. இழை வலுவூட்டிய ரப்பர் பை டேங்க், உள்ளே நுரைப் பஞ்சு, பிய்ந்தால் தானே மூடிக்கொள்ளும் இணைப்புகள், கவிழ்ந்தால் அடைக்கும் வால்வு என்று பந்தயக் கார்கள் பணத்தைக் கொட்டுவது இந்தப் பக்கத்தில்தான், அதில் தப்பில்லை.

சாலைக் கார்களில் பந்தும் காந்தமும் மெல்ல மறைந்துவருகின்றன. ஏர்பேக் கணினிக்குள் இருக்கும் சிலிக்கான் முடுக்கமானி மோதலை எப்படியும் அளக்கிறது. அதே செய்தியை இன்ஜின் கணினிக்கு அனுப்பிப் பம்பை நிறுத்திவிடலாம், தனிச் சுவிட்ச் எதற்கு? 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிய இந்திய பைக்குகளில் இருக்கும் சாய்வு உணரியும் இதே குடும்பம்தான். வண்டி ஓர் அளவுக்கு மேல் சாய்ந்து விழுந்தால் பெட்ரோலை நிறுத்தும். விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தியவர் சாவியை ஒருமுறை அணைத்துப் போடும்வரை அது ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஃபோர்டின் பழைய கையேடு பொத்தானை அமுக்குவதற்கு ஒரு வரிசை சொல்லும்: சாவியை அணை, கசிவு இருக்கிறதா பார், பிறகு அமுக்கு, சாவியைச் சில விநாடி போட்டு அணை, மறுபடி கசிவைப் பார். பொத்தான் டிக்கியில் இருந்ததால் ஓட்டுநர் இறங்கியே ஆக வேண்டும். இறங்கினால் காரைச் சுற்றி நடந்தே ஆக வேண்டும். மனித மூக்கு பெட்ரோல் ஆவியைப் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு இருக்கும்போதே கண்டுபிடித்துவிடும். தீப்பிடிக்கும் அளவுக்கு அது சேர வேண்டுமானால் பத்து லட்சத்தில் பதினான்காயிரம் பங்கு வேண்டும். காரில் உள்ள எந்த உணரியும் தராத முன்னெச்சரிக்கை இது. சாவியை அணைத்துப் போட்டாலே பம்புக்கு மீண்டும் உயிர் வந்துவிடும் புதிய கார்களில், சீட்டை விட்டு எழாமலே அதைச் செய்துவிடலாம். கையேட்டில் கசிவைப் பார்க்கச் சொல்லும் வரி இன்னும் இருக்கிறது. பார்க்க வைக்கும் ஏற்பாடுதான் போய்விட்டது. மின்சாரக் கார்கள் இதற்கு நேரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. அவற்றில் பலவற்றில் மோதல் செய்தி வந்ததும் ஒரு சிறு வெடிமருந்து வெடித்து உயரழுத்த மின்கம்பியை வெட்டிவிடும். அதற்குப் பொத்தான் கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் புதிதாக மாட்டினால்தான் வண்டி நகரும்.